இரண்டு நிறத் துணியில் ஒரு வாளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசையோடு எழுதுவது. போட்டோவில் உன் கன்னம் உப்பியிருந்தது. கடல் தாண்டியும் சோற்றுக்குக் குறையில்லை என்று தெரிந்துகொண்டேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவள்.

"மாமாவ உடனே வாபஸ் வாங்கச் சொல்லு" என்று போனில் கத்தினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். மீசை முளைக்கும் முன்பே நீலக் கட்சியில் சேர்ந்தவன் நீ. சொந்த மாமா நகர்மன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றால் கோபம் வராமல் இருக்குமா?

ஆனால் எங்கள் தெரு சாக்கடைப் பள்ளத்தை நீயும் பார்த்திருக்கிறாய். பச்சைக் கட்சி வந்தபோது தோண்டினார்கள். நீலக் கட்சி வந்தது, "அவங்க தோண்டுனதுல ஊழல்" என்று நிறுத்தியது. மறுபடி பச்சை வந்து, நீலம் வாங்கிய குழாயைத் திருப்பி அனுப்பியது. ஊரில் கட்சி மாறாமல் இருப்பது அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

உன் மாமா குழாய் ரிப்பேர் செய்கிறவர் இல்லையா, எல்லாவற்றையும் குழாயாகத்தான் பார்ப்பார். "ரெண்டு பைப்ப நேரா முட்ட வெச்சா ஒழுகத்தான் செய்யும். நடுவுல ஒரு கப்ளிங் வேணும். மன்றத்துல ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. நடுவுல ஒரே ஒரு ஆள் இருந்தா, ரெண்டு பேரும் அவன்கிட்ட வந்து நியாயம் பேசித்தானே ஆகணும்" என்கிறார். எனக்கும் என் மாமியாருக்கும் நடுவில் இத்தனை வருஷம் ஒரு கப்ளிங் போட முடியவில்லையே என்று கேட்டேன். வாளிச் சின்னம் கேட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வாளியைத் தூக்கச் சொல்கிறேன், இப்போதுதான் தூக்கியிருக்கிறார்!

தப்பு என்னுடையது. இரண்டு கட்சிக்கும் கொடி தைப்பவள் நான். காலையில் பச்சை, தரையைக் கூட்டி நூலை மாற்றிவிட்டு மத்தியானம் நீலம். ஒரு கட்சியின் பஞ்சு இன்னொரு கட்சியின் துணியில் ஒட்டக்கூடாது, அவ்வளவு சுத்தம். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மூட்டையில் போட்டு வைப்பேன். வீணாக்குவானேன் என்று, அந்தத் துண்டுகளை ஒட்டுப் போட்டு மாமாவுக்கு ஒரு பேனர் தைத்தேன். பச்சையும் நீலமுமாக, நடுவில் வெள்ளை வாளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வாசலில் கட்டியதுதான் தாமதம். பச்சைக்காரர்கள், "இவன் நீலத்தோட ஆளு, பேனரைப் பாரு" என்றார்கள். நீலக்காரர்கள், "பச்சைதான் இவனை ஏவி விட்டிருக்கு" என்றார்கள். மறுநாள் பச்சைக் கட்சி வட்டச் செயலாளரும் உங்கள் கட்சி சோடாபுட்டியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆமாம், உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த அதே சோடாபுட்டிதான். ஒரே டீக்கடையில் நிற்காத இரண்டு பேர், என் தையல் கடை பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். "நீங்க ஒண்ணு சேர எங்க வீட்டுக்காரர் நிக்கணும்னு தெரிஞ்சிருந்தா, எப்பவோ நிக்க வெச்சிருப்பேனே" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இரண்டு கட்சிக் கொடி ஆர்டரும் இனி எனக்கில்லை என்றார்கள். போகட்டும், பாவாடை தைத்தும் பிழைக்கலாம். கிளம்பும்போது சோடாபுட்டி சொன்னான்: "அக்கா, பாப்பா சைக்கிள்ல போகுதே. பள்ளம் தொறந்து கெடக்கு. பாத்துக்கங்க." சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் வீட்டில் உண்டு வளர்ந்த பிள்ளை, தம்பி.

இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வாபஸ் வாங்கிவிடுவார். பிறகு ஆயுசுக்கும் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு தாண்டுவார். உன்னிடம் போனில் சொன்னால் நீ அவரிடம் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரும்போது வாபஸ் வாங்கும் நாள் போயிருக்கும்.

உன் மருமகளின் சைக்கிளை ரிப்பேர் என்று சொல்லிப் பூட்டி வைத்திருக்கிறேன். பள்ளிக்கு நானே நடந்து கூட்டிப்போகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வீட்டில் ஒரு பொய். முட்டி வலியில் அவளுக்குப் பின்னால் வாத்து மாதிரி போகிறேன். கூட வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இன்று காலை பார்த்தால், நம் வாசலிலிருந்து தெருமுனை வரை பள்ளத்தின்மேல் பலகை போட்டு ஆணி அடித்திருக்கிறது. மாமா கையில் சுத்தியல் பட்ட காயம். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது போல; மஞ்சள் குழைத்துக் காயத்தில் வைத்துக் கட்டிவிட்டேன்.

தம்பி, லீவு கேட்டுப் பார். எங்களுக்கு ஓட்டுப் போட வேண்டாம். உன் கட்சிக் கொடியைப் பிடித்துக்கொண்டே வா, கூலி வாங்காமல் நானே புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்தல் முடியும்வரை தினமும் உன் மருமகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வரை நட. சோடாபுட்டி பார்க்கட்டும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

உன் அக்கா