முதுகில் தடவ ஒரு கை

ஓலாண்ட் தீவுகள்
செப்டம்பர் கடைசி

அன்புள்ள சிக்னே,

அம்மா எழுதுகிறேன். பெர்த்தில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். இங்கே ஆப்பிள் பறித்தாயிற்று, ஆடுகளும் மேய்ச்சல் திட்டிலிருந்து வீடு வந்துவிட்டன. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே "அப்புறம் என்னம்மா, என்னம்மா" என்று பறப்பாய். நான் பாதியில் விட்டுவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

எனக்கு உண்ணிக் கடியால் லைம் நோய் வந்திருந்தது. கிருமிக்கான சிகிச்சை முடிந்துவிட்டது, அதனால் பதறாதே. இந்தத் தீவில் உண்ணி கடிக்காத ஆள் கிடையாது. கோடை முழுவதும் குளிக்கும்போது காலையும் அக்குளையும் பார்த்து, இருந்தால் பிடுங்கிப் போடுவேன். இந்த முறை அது கடித்தது முதுகில், தோள்பட்டைக்குக் கீழே. அங்கே எனக்குக் கண் இல்லை. சிவப்பு வளையம் தோன்றி, பரவி, தானாகவே மங்கியிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் இடது முழங்கால் வீங்கியது. ஆடு தூக்கிய வினை என்று நினைத்தேன். பிறகு ஒரு காலை, குடித்த காபி வாயின் ஓரமாக வழிந்தது. முட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டு கெர்டா, "அடியே, எதுக்கு என்னைப் பாத்து ஒரு பக்கமா மட்டும் சிரிக்கிறே?" என்றாள். நான் சிரிக்கவே இல்லை. அது தெரிந்ததும் முட்டையை அப்படியே வைத்துவிட்டு, என்னைக் காரில் ஏற்றிப் படகுத் துறைக்கு ஓட்டினாள்.

மரியெஹாம்ன் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கோணிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது. இப்போது விசில்கூட அடிக்க வருகிறது. வலி மட்டும் போகவில்லை. மருத்துவர் உன் வயசுப் பெண். "கிருமி செத்துடும். ஆனா வலி சில மாசம் உங்களை விடாது. மேலுக்கு எது தடவினா சுகமா இருக்கோ தடவிக்குங்க. ஆனா அது மாத்திரைக்குப் பதில் இல்ல, புரியுதா?" என்றாள். புரிந்தது என்றேன்.

கெர்டாவுக்குத்தான் புரியவில்லை. மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், பூச்சே போதும் என்று தினமும் ஒரு புட்டியோடு வருகிறாள். மாத்திரையை ஒன்று விடாமல் விழுங்கினேன், அவள் கொண்டுவந்ததையும் தடவினேன். முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை. பூரிக்கட்டையால் உருட்டிச் சாறு கசியவைத்து, காலைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு கம்பளிக் காலுறையை இழுத்துவிட வேண்டும். வீக்கம் அடங்குகிறதோ இல்லையோ, குளிர்ச்சியாக இருக்கிறது. கழுத்துக்குப் புதினா எண்ணெய். ஜூனிபர் புதரின் காய் எண்ணெயை எதிலும் கலக்காமல் பூசியதில் தோல் வெந்துபோனது. அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றிலும் நல்லது ஊசியிலை மரத்துப் பிசினைத் தேன்மெழுகோடு உருக்கிய களிம்பு. தோளில் அதைச் சூடுபறக்கத் தேய்த்தால் கொஞ்ச நேரம் வலியை மறக்கலாம்.

தோள்பட்டைக்குப் பின்புறம் என் கை எட்டாது. கெர்டாவுக்கு மணிக்கட்டு முடியவில்லை. அதற்கு ஒருவர் வந்து போகிறார். அதனால் கவலைப்பட வேண்டாம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா ஹெட்விக்

*

ஓலாண்ட் தீவுகள்
நவம்பர் நடுவில்

அன்புள்ள சிக்னே,

உன் கடிதம் வந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் "யார் அந்த ஆள்?" என்ற கேள்வி. கெர்டாவிடமும் போனில் கேட்டிருக்கிறாய். அவள் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

உன் அப்பாதான்.

இதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கீழே வைப்பாய். வைத்துவிட்டு மறுபடியும் எடு.

அவர் டுர்க்கு நகரத்திலிருந்து திரும்பி வந்ததும், அந்தப் பெண்ணோடு ஒத்துவராமல் போனதும் உனக்குத் தெரியும். பழைய துறைமுகத்தில், வலை வைக்கும் கொட்டகையில் அடுப்பு போட்டுக்கொண்டு இருக்கிறார். வழியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். நீ போன் எண்ணை மாற்றியதையோ அவருடைய பிறந்தநாள் அட்டைகளைத் திருப்பி அனுப்பியதையோ நான் தப்பு என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் கெர்டாவுக்கு மீன் கொண்டுவந்தவர் எனக்கும் கொஞ்சம் கொடுக்க வந்தார். நான் மரக்கரண்டியில் களிம்பை எடுத்துத் தோளுக்குப் பின்னால் விட்டு, கதவு நிலையில் சாய்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்ன ஹெட்விக், பசுமாடு மாதிரி நிலையில முதுகைத் தேய்ச்சிட்டிருக்கே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மீனைத் தொட்டியில் போட்டார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். "திரும்பு" என்றார்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் கை முன்பைவிடச் சொரசொரப்பாகியிருந்தது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும், "இது மருந்து தடவுறது. வேற ஒண்ணும் இல்ல" என்றேன். "தெரியும். கையை மட்டும்தான் கொண்டாந்தேன்" என்றார். மறுநாள் மீன் இல்லாமல் வந்தார். அதற்கப்புறம் தினமும். முதலில் காபிக்குக்கூட உட்காரவில்லை. இப்போது உட்காருகிறார். காபிக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபரில் ஒரு மாலை, அடுப்பில் விறகு வைக்கக் குனிந்தார். சட்டை மேலே ஏறியது. இடுப்புக்கு மேலே காபித்தட்டு அளவுக்குச் சிவப்பு வளையம். நடுவே வெளுத்து, ஓரம் நன்றாகச் சிவந்து. என் முதுகில் நான் பார்க்காதது இதுதான் என்று புரிந்தது.

சொன்னதும் சிரித்தார். "உன் பிசினையே கொஞ்சம் பூசிவிடு, போயிடும். படகைக் கரையேத்தற நேரத்துல டாக்டருக்கு எங்க போறது?" அங்கே இருந்த கெர்டா, பூசினால் நிச்சயம் மறையும் என்று பக்கப்பாட்டு பாடினாள். "பூசாட்டியும் மறையும்" என்றேன். "என்னோடது மறைஞ்சுதான் போச்சு. அதுக்கப்புறம்தானே வாய் கோணிச்சு? பிசின் வலிக்கு. கிருமிக்கு இல்ல." கெர்டா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவரோ, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நான் களிம்பு டப்பாவை மூடிவிட்டேன். "டாக்டரைப் பாக்கற வரைக்கும் என் முதுகைத் தொடாதே."

"இது நியாயமா ஹெட்விக்? வலி உனக்குத்தானே?"

"பெட்டியத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு நீ நியாயம் பாத்தியா, தூரே?"

இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அன்றும் கேட்க நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த விறகைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "பாக்கல" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று தோள் நன்றாகவே வலித்தது.

காலையில் படகுத் துறைக்குப் போனேன். வருவார் என்று நினைத்துப் போகவில்லை. சும்மா போனேன் என்றே வைத்துக்கொள். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். நானும் ஏறினேன். பாதித் தூரம் போனதும், "அவ குரல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை. "உன்ன மாதிரியே. காலையில கரகரன்னு இருக்கும்" என்றேன். அதற்கப்புறம் கரை வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் வளையத்தைப் பார்த்ததுமே மாத்திரை எழுதிவிட்டாள். சோதனைகூடத் தேவைப்படவில்லை. சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், யார் பார்த்தது என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். உங்கள் மனைவியா என்று அவள் கேட்டபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார், நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். மாத்திரை முடிந்துவிட்டது, வளையமும் போய்விட்டது. அரிப்பு இருந்த நாட்களில் ஓட்ஸை ஊறவைத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். யாராக இருந்தாலும் அதைச் செய்திருப்பேன்.

என் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. தோள் குளிரில் மட்டும் தொந்தரவு செய்கிறது. களிம்பு போடாத நாளும் இப்போது உண்டு. அந்த நாட்களிலும் அவர் வருகிறார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். உன் அறையில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. துறையின் சரிவில் பனி உறைந்திருக்கும், இந்தக் காலோடு நான் இறங்க முடியாது. கார் எடுத்துக்கொண்டு அவர் வருவார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நீ வரும் செய்தி கெர்டா மூலம் போயிருக்க வேண்டும். காரை உள்ளும் புறமும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அவரோடு பேச வேண்டும் என்று நான் எழுதவில்லை சிக்னே. மன்னிக்கச் சொல்லியும் எழுதவில்லை. நானே அதைச் செய்தேனா என்று எனக்குத் தெரியாது. முன் சீட்டில் உட்காராவிட்டால் பின் சீட்டில் உட்கார். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வா. ஆனால் படகிலிருந்து இறங்கும்போது அவர் கையை நீட்டுவார். பையை அவரிடம் கொடுத்துவிடு. சின்னதை இல்லை, கனமான பையை.

பத்திரமாக வந்து சேர்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா