மாலை போட்ட கண்ணாடி

எழுமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் விக்ரமுக்கு அம்மா எழுதுவது. எனக்குக் கால்வலி தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் தங்கச்சி சரண்யாதேவியும் ஒழுங்காகக் காலேஜுக்குப் போய் வருகிறாள். கத்தாரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் உன் குரலைக் கேட்டதுமே எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் பேச முடியாமல் வைத்துவிடுகிறாய், அதனால்தான் சரண்யாவிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். அஞ்சாப்பு படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துப் படி. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவைக் கொண்டுபோன ரோட்டோரக் கிணற்றுக்குச் சுவர் கட்டியாகிவிட்டது.

நீ காரியம் முடிந்து பிளைட் ஏறின பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. மருது குடித்துவிட்டுத்தான் வண்டியோடு விழுந்தான் என்று ஊரில் பாதிப்பேர் பேசினார்கள். பொழுது சாயும் நேரம், தூறல், எதிரே வந்த லாரி வெளிச்சம், வளைவில் தரையோடு தரையாகத் திறந்து கிடந்த கிணறு, இதையெல்லாம் ஒருத்தரும் பேசவில்லை. அதே வளைவில்தான் பள்ளிக்கூட வேன் காலையும் மாலையும் பிள்ளைகளோடு திரும்புகிறது. அந்த ஹாரன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன். பஞ்சாயத்து ஆபீஸில் மூன்று தடவை மனுக் கொடுத்தோம், பார்க்கிறோம் என்றார்கள். கிணறு நல்லகாமன் தோட்டத்தில் இருக்கிறது, ரோடு அரசாங்கத்தினுடையது, சுவர் யார் கட்டுவது என்று ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினார்கள்.

முப்பதாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் பவதாரிணியிடம் போனேன். சொந்தக்காரர்கள் போட்டோ எல்லாம் கொடுத்துவிட்டிருந்தார்கள், உன் சித்தப்பா முத்துக்கருப்பன் கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “அத்தை, எப்பவும் போல அடிச்சா ரெண்டு நாளைக்குப் பாப்பாக, மூணாம் நாளு யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக. நானும் அந்த வழியாத்தான ஸ்கூட்டியில வாரேன், எனக்கும் பயந்தான். வேற மாதிரி செய்யுறேன், விடுங்க” என்றாள். செய்தும் காட்டினாள். ஒரு பக்கம் மாலையோடு உன் அப்பா. இன்னொரு பக்கம் அதே மாதிரி வட்டம், அதே மாலை, உள்ளே போட்டோவுக்குப் பதில் கண்ணாடி ஒட்டியிருந்தது. கீழே “மருது விழுந்த இடம் இது, அடுத்தது யார்” என்று பெரிய எழுத்து. சொந்தக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை. உயிரோடு இருப்பவர் முகத்துக்கு மாலை போட்டுக் காட்டினால் ஊர் நம்மைச் சும்மா விடுமா என்று யோசித்தேன். அந்த வேன் பிள்ளைகளை நினைத்துத்தான் சரி என்றேன்.

வளைவுக்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்தில் கட்டினோம். முதல் ஆளாக வந்தது உன் சித்தப்பா. தன் போட்டோவைத் தேடினார், காணவில்லை, கண்ணாடியைக் கண்டதும் மீசையைத் தடவிச் சீப்பை எடுத்தார். அப்புறம்தான் மாலையைப் பார்த்தார். “உசுரோட இருக்கையிலயே எனக்கு மாலையப் போட்டுட்டீகளே, வெளங்குவீகளா” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. வந்தவர்களும் ஒவ்வொருத்தராகத் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வளைவுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். வேன் ஓட்டும் சுடலை பார்த்துவிட்டு, “எனக்கு ஸ்டியரிங்கப் புடிக்கவே கை வரல. சொவரு கட்டுற வரைக்கும் வேன் இங்கிட்டு வராது, சொல்லிட்டேன்” என்று வேறு வழியாகப் போய்விட்டார். மறுநாளிலிருந்து வேன் நம் பக்கம் வராததால் தாய்மார்கள் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று, நாலாம் நாள் அத்தனை பேரும் பிள்ளைகளோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தது யார் என்று நினைக்கிறாய், உன் சித்தப்பாதான். நல்லகாமன் இடம் விட்டால் நாங்களே கட்டுகிறோம் என்று ஆபீஸில் ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து, “மதினி, அண்ணே அன்னைக்குக் குடிக்கல. நாந்தான் வாய்க்கு வந்ததப் பேசித் திரிஞ்சேன்” என்றார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

நல்லகாமன் பிரச்சினை பண்ணுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒருநாள் காலையில் வந்து பிளக்ஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம், “ரெண்டடி எடத்த விட்டுத் தாரேன், கட்டச் சொல்லு தங்கப்பொண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினோரு நாளில் சுவர் எழும்பி, இருட்டில் மின்னுகிற பட்டையும் ஒட்டிவிட்டார்கள். வேனும் முந்தாநாளிலிருந்து பழைய வழியில் வருகிறது. பிளக்ஸைப் பவதாரிணியே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா செத்ததிலிருந்து அந்தக் கிணற்றடிக்கே நான் போகவில்லை, நேற்றுத்தான் போனேன். அங்கே மிச்ச வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம், வண்டியில் வேகமாக வந்து மோதினால் தாங்குமா என்று கேட்டேன். “மருது அண்ணே வந்த வேகத்துக்கு, கை கால்ல சிராய்ப்போட எந்திரிச்சு வீட்டுக்கு வந்திருப்பாரு” என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் விக்ரம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டேன்.

நீ பக்கத்தில் இல்லையே என்று உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே. வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. பவதாரிணிக்கு ஒரு போன் போட்டு இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல், மறந்துவிடாதே. நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு
உன் அம்மா
ம. தங்கப்பொண்ணு