ஃபியூஸ் இல்லாத சிவப்பு ஒயர்

வடக்குப்பட்டு,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

எழிலரசி எழுதுகிறேன். இங்கே நானும் பாப்பாவும் அத்தையும் நல்ல சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான், நீங்கள் சொல்வதை நம்புவதா, அனுப்பிய போட்டோவை நம்புவதா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். லீவில் வந்திருக்கும் குன்றத்தூர் ஜெபகுமார் அண்ணன் புதன்கிழமை அங்கே கனடாவுக்குத் திரும்புகிறார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தால் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

உறைந்த ஏரி மேல் உங்கள் முதலாளி வைத்திருக்கும் மரக்குடிசை, உள்ளே பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற இடம், அதற்குப் பேட்டரி வைத்து லைட், ஹீட்டர் ஃபேன், செல் சார்ஜர் எல்லாம் நீங்களே மாட்டியதாகப் போட்டோ அனுப்பினீர்களே. அத்தை தெரு முழுக்கக் காட்டிவிட்டார். "எம்புள்ள ஐஸு மேல கரண்டு வுட்டுகினு கீறான்" என்று ஒரே பெருமை. நானும் சிரித்தேன். அப்புறம்தான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர் நேராக ஸ்விட்சுக்குப் போகிறது. நடுவில் ஃபியூஸ் எங்கே? கேட்டதற்கு, "பன்னெண்டு வோல்ட்டு தானே, ஷாக்கா அடிக்கப் போவுது?" என்று சிரித்தீர்கள். ஷாக் அடிக்காது, சாமி! ஒயர் எங்கேயாவது தேய்ந்து மைனஸில் பட்டால் பழுத்துப் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் மரப்பலகை, பேட்டரி இருப்பதோ கட்டிலுக்கு அடியில். தூங்குகிற மனுஷனுக்கு என்ன தெரியும்?

ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி லைனில் லைட்டை மாட்டி ஒயரைச் சொருகுவதோடு உங்கள் வேலை முடிந்தது. வண்டி நகர்ந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸ் அடுத்த ஸ்டேஷன், பரசுராமன் அண்ணன் பாடு. அத்தனை வருஷம் அப்படியே பழகிய கை. நான் மட்டும் என்ன ஒழுங்கா? என் கம்பெனி ஹார்னஸ் போர்டில் கார் ஒயர்க் கட்டுக்கு டேப் சுற்றிச் சுற்றி, பாப்பாவுக்குச் சடை பின்னினால்கூட ரிப்பன் கட்ட வேறு யாராவது வருவார்கள் என்று நின்றுவிடுகிறேன். ஆனால் அந்த ஏரியில் அடுத்த ஸ்டேஷன் கிடையாது மாமா.

ஒரகடத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் ஃபியூஸும் ஹோல்டரும் வாங்கி ஜெபகுமார் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கும், நீங்கள் வாங்க மாட்டீர்கள். முதலில் மைனஸைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள் மாட்டுங்கள். ஒயரை முறுக்கி டேப் ஒட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், ஒயர் முனையில் செம்பு லக் போட்டு நன்றாக அழுத்துங்கள்.

ஒயரை மட்டும் பார்த்திருந்தால் இத்தோடு திட்டி முடித்திருப்பேன். கட்டிலுக்குப் பின்னால் நம் நீலப் பெட்டி நிற்கிறது. பக்கத்தில் குக்கர். கொடியில் உங்கள் சட்டைகள் எல்லாம் தொங்குகின்றன. லீவு நாளில் மீன் பிடிக்கப் போகிறவர் பெட்டியோடவா போவார்? ஜெபகுமார் அண்ணனைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அத அவனாண்டயே கேளும்மா" என்றார்.

ரூம் போய்விட்டது, இல்லையா? வேலையும்தானே? முதலாளி பாவம் பார்த்து விட்ட அந்தக் கூண்டில்தானே குடியிருக்கிறீர்கள்?

அத்தையிடம் மூச்சு விடவில்லை. நேற்று லைனில் நிற்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்து, தப்பான ஒயரைச் சுற்றிவிட்டேன். சூப்பர்வைசர் ராஜலட்சுமி அக்கா, "இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று திட்டினார். என்ன சொல்வது? உங்கள் போன் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை என்றால் அந்தக் குடிசை எரிகிற மாதிரியே தோன்றுகிறது. பயமாக இருக்கிறது மாமா.

வந்துவிடுங்கள். போன வேகத்தில் திரும்பிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்றுதானே அங்கேயே கிடக்கிறீர்கள்? கேட்கிறவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்: எழிலரசிக்குத் தனியாக இருக்க முடியவில்லை, அழுது அடம்பிடித்துப் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று. சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். நான் சொல்வதும் பொய் இல்லையே.

காஞ்சி காமாட்சி உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

நீங்கள் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
எழில்