இரண்டரை கன மீட்டர் ஃபோம்

மார்ச் 3

அன்புள்ள கேப்டன் ஐயாவுக்கு,

கட்டிய மனைவி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாய்மரப் படகு வாங்கி, ஒரு வருஷமாகத் துறைமுகத்திலேயே குடியிருக்கிறீர்கள். இப்போது "நீயும் வா, கடலைச் சுற்றலாம்" என்கிறீர்கள். கோபம் தீரவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் நிறைந்தால் என்ன ஆகும்? மூழ்காது என்றால் வருகிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தையல் மெஷினே துணை.

உங்கள் டெய்லரம்மா

மார்ச் 11

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நல்லாக் கேட்டாய்! படகு மூன்று டன். தண்ணீர் புகமுடியாத இடம் உள்ளே போதுமான அளவு இருந்தால், நிறைந்தாலும் மிதக்கும். அங்கே அடைக்கப்போவது, குளிர்பதன அறைச் சுவர்களில் இருபது வருஷம் நான் அடைத்த அதே ஃபோம்தான், தண்ணீர் குடிக்காது. படகின் உடலே தாங்குவது போக, இரண்டரை கன மீட்டர் வேண்டும். அடித்தளத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

உன் மெக்கானிக்

மார்ச் 18

கேப்டன் ஐயா, நிறுத்துங்கள்! சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, அடியில் ஃபோம் ஒட்டி, வாளியில் விட்டேன். குப்புறக் கவிழ்ந்தது. பக்கவாட்டில் மேலே ஒட்டினேன். நிமிர்ந்து நின்றது! எனக்கே ஆச்சரியம். எங்கெங்கே அடைக்கிறீர்கள்? அளவு அனுப்புங்கள்.

டெய்லரம்மா

மார்ச் 30

அன்புள்ளவளே,

அடியில் வைத்ததைப் பிய்த்து மேலே ஏற்றிவிட்டேன். எஞ்சின் நனையாமலிருக்க அதைக் கழற்றி, அதே எடைக்கு இரும்பு வைத்து, பம்ப் போட்டு உள்ளே தண்ணீர் நிரப்பினேன். விளிம்புவரை இறங்கி, அப்படியே நின்றது. அழுகையே வந்துவிட்டது. அளவுகள் இத்துடன்.

மெக்கானிக்

ஏப்ரல் 6

தையல் சாக்பீஸால் கூடத்துத் தரையில் உங்கள் படகை வரைந்தேன். ஃபோம் இடத்தையெல்லாம் கோடு போட்டு அடைத்தேன். மிச்சத்தில் படுத்துப் பார்த்தேன். ஒரு ஆள்தான் படுக்கலாம். என்னைக் கூப்பிட்டுவிட்டு என் கட்டிலையே அடைத்துவிட்டீர்களே!

ஏப்ரல் 10

சத்தியமாகக் கவனிக்கவில்லை. நீ பயப்படக் கூடாது என்ற ஒரே நினைப்பில், கண்ணில் பட்ட காலியிடத்தையெல்லாம் அடைத்தேன். பிய்த்தால் கட்டில் கிடைக்கும், படகு மூழ்கும். என்ன செய்யட்டும்? நீயே சொல்.

மெக்கானிக்

ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

பிய்க்காதீர்கள். சட்டை தைக்க வந்த மீன்பிடிப் படகுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்குனா படகை யாரு பாக்குறது?" என்றார். கடலில் முறை வைத்துத்தான் தூங்குவார்களாம். அப்படியானால் ஒரு கட்டில் போதும்.

ஆனால் என்னை நம்பி எதையும் சொல்லாத மனிதர் நீங்கள். படகு வாங்கியதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சுக்கான் பிடித்திருக்கும்போது கண்ணை மூடுவீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஏப்ரல் 21

மூடுவேன். சொல்லாமல் வாங்கியது தப்பு. அந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவே இல்லை. முதல் முறை சுக்கான் உனக்கு. சீக்கிரம் வா.