அழகாய்ச் செத்தவை

2020 செப்டம்பர் 21, திங்கள்

அனுப்புகிற நாள். வாரம் தவறாமல், கொட்டகையில் செத்துக் கிடக்கும் மிங்க்குகளில் சிலதைப் பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றின் தொண்டையில் கொரோனா இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். கோடையில் இந்தப் பக்கத்துப் பண்ணைகள் சிலவற்றில் கண்டுபிடித்ததிலிருந்து இப்படி. கீரி மாதிரி இருக்கிற இந்த மிங்க்கை ரோமத்துக்காக வளர்க்கிறவன் எவனும் இதிலிருந்து தப்ப முடியாது.

நான் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். சண்டையில் கடிபட்டுச் செத்த ஒரு கறுப்பு ஆண். காயம் தொண்டைக்கு அடியில், வெளியே தெரியாது. ரோமம் மை மாதிரி. வைக்கோல் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் முதுகைத் துடைத்து, சீவியும் விட்டேன். கூடவே இரண்டு பெண், அவையும் நல்ல ரோமம். மூக்கோரம் பொருக்குத் தட்டி, ரோமம் சிலிர்த்துக் கிடந்தவற்றைப் பிணத்தொட்டியில் போட்டேன். அதையெல்லாம் என் பெயர் எழுதிய பையில் எவன் அனுப்புவான்?

வேலை முடிந்ததும் கொடிக்கம்பம். மிங்க்கிடமிருந்து மனுஷனுக்கும் தொற்றுமாம், அதனால் கோடையிலிருந்து நான் வீட்டுக்குள் போவதில்லை, தோல் உரிக்கிற கட்டடத்தில்தான் படுக்கை. என் மனைவி டாக்னிக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. இந்த நோய் அவளுக்கு வந்தால் பிழைக்க மாட்டாள் என்று மருத்துவமனையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். முற்றத்துக் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தட்டைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு அவள் தள்ளிப் போவாள், நான் எடுத்துக்கொள்வேன். இன்று ரை ரொட்டியும் பன்றி ஈரல் பசையும்.

பேச ஆளில்லாததால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தோடு எனக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 23

வில்லாட்ஸ் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் பண்ணை ஓடைக்கு அப்பால். நான் கறுப்பு வளர்க்கிறேன், அவன் முத்து நிறம். தோல் கண்காட்சியில் வருஷத்துக்கு வருஷம் அவனா நானா என்று இருக்கும். தோற்றவன் ஜெயித்தவனுக்கு பீர் வாங்கித் தர வேண்டும், அதுவும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு.

இவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவன் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று இவனுடைய மிங்க் ஒன்று கூண்டிலிருந்து தப்பித்து, எப்படியோ தேவாலயத்துக்குள் புகுந்து ஆர்கனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. வாசிக்கிற அம்மாள் கணுக்காலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வில்லாட்ஸ் கோட்டும் டையுமாக மண்டியிட்டு வெறுங்கையால் அதைப் பிடித்தான். கை முழுக்க ரத்தம். மிங்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதிரியாரைப் பார்த்து, "ம், மேல சொல்லுங்க" என்றான். பாதிரியாரும் சொன்னார். அந்த மிங்க்கின் தோல் அந்த வருஷம் பரிசு வாங்கியது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சொல்ல வந்தது வேறு. வடக்கே இன்னும் இரண்டு பண்ணையில் கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

செப்டம்பர் 26

கடைசி வரிசையில் தீவனம் மிச்சம்.

செப்டம்பர் 28, திங்கள்

இன்றும் மிச்சம். தீவன வண்டி கூண்டுக்கு மேலே கம்பியில் அப்பிவிட்டுப் போகும் மீன் களியை மிங்க் சாயங்காலத்துக்குள் நக்கித் தீர்த்துவிடும். இப்போது அது காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கிறது. தீவனக் கூடத்துக்குப் போன் செய்து ஹெர்ரிங் மீன் பழசா என்று சண்டை போட்டேன். பக்கத்துப் பண்ணைகளில் அதே களியைத்தான் தின்கின்றன, அங்கே ஒன்றும் குறை இல்லையே என்றார்கள்.

மழைதான் காரணமாக இருக்கும். ஈரத்தில் அதுகளுக்கும் பசி மந்தமாகும் — ஆகுமா?

அனுப்ப வேண்டியவற்றை அனுப்பினேன். நல்லவை.

அக்டோபர் 1

கால்நடை மருத்துவர் சிசெல் போன் செய்தாள். சின்னப் பெண். டாக்டர் என்றால் பிடிக்காது, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வாள். போன வாரம் அனுப்பியதும் சுத்தம், அதற்கு முந்தினதும் சுத்தம் என்றாள். வீட்டுப் போனும் இதே இணைப்புதான், டாக்னியும் அதில் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. கம்பத்துக்கு வந்தபோது அவள் முகமே வேறு.

"உள்ள வந்துடு ஹோல்கர். பன்றிக்கறி பொரிக்கறேன், வெள்ளைச் சாஸோட. எனக்கு சுவத்தப் பாத்துப் பேசி அலுத்துப்போச்சு."

குளித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன். ஏன் நாளைக்கு என்று சொன்னேன்? தெரியவில்லை.

மத்தியானம் ரேடியோ. நோய் கண்ட பண்ணை மட்டுமில்லை, அதைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இருப்பதையும் இனிமேல் கொன்றுவிடுவார்களாம், சுத்தமாக இருந்தாலும். ஓடைக்கு அப்பால் வில்லாட்ஸ் பண்ணை எவ்வளவு தூரம். கூப்பிட்டால் கேட்கும்.

அக்டோபர் 2

குளித்தேன். சட்டை மாற்றினேன். அப்போதுதான் வில்லாட்ஸ் வேலியோரம் வந்தான். எனக்குச் சுத்தம் என்று வந்ததில் அவனுக்கும் உயிர் வந்திருந்தது. என்னத்தை அனுப்புகிறாய் என்று சும்மா கேட்டான். நானும் பெருமையாக, கறுப்பு ஆணைச் சீவி அனுப்பியது வரைக்கும் சொன்னேன்.

"அந்த லேப்ல இருக்கற பொண்ணு இந்நேரம் அதைக் கோட்டு தைக்கக் குடுத்திருப்பா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"மத்ததெல்லாம் எங்க?"

"எது?"

"அழகில்லாதது."

தொட்டியில் என்றேன். அவன் என்னைத் தாண்டி, கொட்டகையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் கம்பியில் காய்ந்த களி தெரியும்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றான். "நீயும் ஒண்ணும் சொல்லல."

போய்விட்டான். நான் போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டேன். டாக்னியிடம் வயிறு சரியில்லை என்று கத்திச் சொன்னேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் பேரில் வாசலைத் தாண்டிப் போகிற எதுவும் அழகாகத்தான் போகும். கையே தேடிப் போய் அழகானதை எடுக்கிறது. அவங்க நோயைத் தேடறாங்கடா, ரோமத்தையா பாக்கறாங்க, இதுகூடவா உன் மண்டைக்கு உறைக்கல?

அக்டோபர் 3, சனி

தூங்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன். அடுத்த மாதம் தோல் எடுக்கிற காலம். அதுவரை வாயை மூடிக்கொண்டு இங்கேயே கிடந்தால் என் மந்தை தப்பும், வில்லாட்ஸின் முத்தும் தப்பும். டாக்னியிடம் வயிறு, முதுகு என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

காலையில் அவளே வந்துவிட்டாள். கொடிக்கம்பத்தைத் தாண்டி. தட்டில் காப்பி, ரொட்டி, வெண்ணெய். பாதி முற்றத்தில் மூச்சு வாங்க நின்று, மறுபடி நடந்தாள். ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டேன். வெளியே கவிழ்த்திருந்த தீவனத் தொட்டியில் அவள் உட்காருகிற சத்தம் கேட்டது. மூச்சு விசில் மாதிரி.

"தாழ் எதுக்கு? உள்ள யாரையாச்சும் வச்சிருக்கியா?"

"டாக்னி, வீட்டுக்குப் போ."

"சுத்தம்னு வந்தாச்சு. இன்னும் என்னவாம்?"

மரக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சீவினது, தொட்டி, கடைசி வரிசை, வில்லாட்ஸ், தோல் எடுக்கிற மாதம் வரைக்கும் பேசாமல் இருந்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு. போய்விட்டாளோ என்று நினைத்தேன், ஆனால் விசில் கேட்டுக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துல போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி என் தலையையும் நீதான் சீவிவிட்டே" என்றாள்.

"ஆமா."

"தோல் எடுத்து முடிச்சப்பறம் உன் தலையையும் நல்லாச் சீவிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பே. சரியாப்போச்சு டாக்னின்னு சொல்லுவே. நான் எதை நம்பிக் கதவத் திறக்கறது, ஹோல்கர்?"

தாழை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

"அந்த டாக்டர் பொண்ணுக்குப் போனைப் போடு. நான் இங்க உக்காந்து கேக்கறேன்."

போட்டேன். சிசெலிடம் நான் சொன்ன அத்தனையையும் டாக்னி கேட்டுவிட்டு எழுந்து போனாள். தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தாள். காப்பி ஆறியிருந்தது, குடித்தேன்.

அக்டோபர் 5

சிசெல் வெள்ளை உடுப்பும் கண்ணாடியுமாக வந்தாள். கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனேன். தோல் கையுறையை மாட்டிக்கொண்டு ஒன்றைப் பிடித்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது வேணாங்க. அதோ, மூலையில கண்ணு ஒட்டியிருக்கே, அது" என்றாள். பார்த்தால் நான் பிடித்திருந்தது அந்த வரிசையிலேயே நல்ல ரோமம் உள்ளது. பொய் சொல்லவில்லை, கை தானாகப் போனது. இவ்வளவுக்குப் பிறகும்.

எப்போதிலிருந்து தீவனம் மிச்சம், எத்தனையைத் தொட்டியில் போட்டேன் என்று கேட்டாள். பிணவண்டி எடுத்துப்போய்விட்டது என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குச்சியை ஒவ்வொரு வாயிலும் சுழற்றி எடுத்தாள். எனக்கு மூக்கில் விட வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னாள். சாயங்காலமே வந்தான்; டாக்னிக்கும் வாசலில் நிற்க வைத்து எடுத்தான்.

அக்டோபர் 6

வில்லாட்ஸுக்குப் போனில் சொன்னேன். "சரி" என்றான். வைத்துவிட்டான்.

அக்டோபர் 7

மிங்க்குக்கு இருக்கிறது. கடைசி வரிசையில் எடுத்த அத்தனையிலும்.

எனக்கும் இருக்கிறது. கால் வலிப்பதை நான் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குளித்துச் சட்டை மாற்றி நின்றேனே, பன்றிக்கறிக்கு —

டாக்னியுடையது இன்னும் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பலகைக்கு நடுவில் விரல் நுழைகிற இடுக்கு இருக்கிறது. இன்று போய் அளந்து பார்த்தேன். விரல் நுழைகிறது.

அக்டோபர் 8

வரவில்லை. கம்பத்தடிக்கு அவளைத் தட்டு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் இருந்த மீனைத் தின்றேன். அவள் வீட்டு விளக்கைப் பகலிலும் போட்டு வைத்திருக்கிறாள், நான் பார்க்கட்டும் என்று.

அக்டோபர் 9

டாக்னிக்கு இல்லை.

இல்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். இல்லை.

அக்டோபர் 20

இன்று முடித்தார்கள். காலையில் கடைசியாகத் தீவனம் வைக்க வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள், வைத்தேன். தின்றன. வெள்ளை உடுப்புக்காரர்கள் வரிசை வரிசையாக வாயுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கறுப்பு, சிலிர்த்தது, சீவினது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நான் சாயங்காலம் வரை கூண்டு மூடிகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். சண்டைச் சத்தம் வரிசை வரிசையாகக் குறைந்துகொண்டே வந்தது.

அக்டோபர் 23

ஓடைக்கு அப்பால் அதே வண்டிகள். வில்லாட்ஸுடையது ஒன்றில்கூட நோய் இல்லை.

மத்தியானம் அவன் டிராக்டர் சாலையில் போனது. நான் கையைத் தூக்கினேன். அவன் நேரே பார்த்துக்கொண்டு போனான்.

நவம்பர் 5

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நாடு முழுக்க, எல்லா மிங்க்கும். அப்படியானால் வில்லாட்ஸுடையதும் எப்படியும் போயிருக்கும் என்று டாக்னி கம்பத்தடியிலிருந்து சொன்னாள். இருக்கலாம். ஆனால் அவன் மந்தைக்கு அந்தச் சாவு முதலில் என்னால்தான் வந்தது.

நவம்பர் 22, ஞாயிறு

கொட்டகைகளைக் கழுவி, மருந்தடித்து, எனக்கும் இல்லை என்று இரண்டு தடவை வந்த பிறகு நேற்று வீட்டுக்குள் போனேன். பன்றிக்கறி பொரித்திருந்தாள்.

இன்று காலை கண் விழித்தபோது படுக்கையறை ஜன்னல் சாத்தியிருந்தது. கல்யாணமானதிலிருந்து, வெளியே பனி உறைந்தாலும் அதைத் திறந்துபோட்டுத்தான் படுப்பாள். எவ்வளவு குளித்தாலும் என் மேல் போகாத மிங்க் வாடைக்காக. அதற்காக இருவரும் போட்ட சண்டை கொஞ்சமா?

ஏன் சாத்தினாய் என்று கேட்டேன்.

"இனிமே எதுக்குத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டு, என் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.