பெம்பான் கடைவீடு இனி நம்முடையது இல்லை

என் அன்பு அப்பாவுக்கு,

பெம்பானில் நாம் வாடகைக்கு விட்ட கடைவீடு இன்று முதல் நம்முடையது இல்லை. பதறாதீர்கள், நல்ல சேதிதான். 

மதியம் நம் வக்கீல், லோயர் அக்கா, போன் செய்தார். நில அலுவலகத்தில் பெயர் மாறிவிட்டதாம். அப்போது கிளேபாங்கில் நம் தேங்காய் ஷேக் ஸ்டாலில் நல்ல கூட்டம். அம்மா ஐஸ்கிரீம் வைக்காமலே வரிசையாகக் கப்புகளை நீட்டினார். அவர் சிரித்த சிரிப்பில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு கடைவீடு அம்மா பெயருக்கு வந்தது. அவர் தூக்கமும் போனது. தம்பி கவினுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவன் பயிற்சி, மருந்து எல்லாம் அந்த வாடகையில்தான். ஆனால் யாராவது வந்து கேட்டால் அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது, தெரியுமே. லோரி வாங்க அதை அடமானம் வைக்கச் சொல்லி மாமா வந்துகொண்டே இருந்தார். நான் ஒன்பதாம் ஆண்டில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு ஸ்டாலுக்கு வந்தது போதாதா? தம்பியின் சோறும் போகவேண்டுமா?

அதனால்தான் டிரஸ்ட். சொத்தை ஒரு கம்பெனி பார்த்துக்கொள்ளும், பலன் எனக்கும் தம்பிக்கும். கையெழுத்துப் போடும் நாளில் மாமாவும் வந்திருந்தார். பின்னால் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டுமா என்று லோயர் அக்கா கேட்டார்.

"வெச்சுக்க தங்கச்சி. அவசரம்னா என்ன செய்வே? ஒரு லைன் போட்டா போதும்லா," என்றார் மாமா.

அம்மாவின் பேனா நின்றுவிட்டது. என் குரல் பிளெண்டர் சத்தத்தில் காணாமல் போகிற குரல்தான். ஆனால் அப்போது நம் ஆடு ஞாபகம் வந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது முனியாண்டிக்கு நேர்ந்து விட்டீர்களே, அது. தங்கா பத்து ஊரில் நம் வீட்டு வாசலில்தான் கட்டினோம், நாம்தான் தீனி போட்டோம். மாமா விலை பேச வந்தபோது நம்ம ஆடு இல்லை மச்சான் என்று அனுப்பிவிட்டீர்கள்.

"மாமா, இது முனியாண்டி ஆடு மாதிரி," என்றேன்.

"கடைசில அந்த ஆட்ட நாமதானடி தின்னோம்?"

"ஆமா மாமா. எல்லாருக்கும் பங்கு வந்துச்சு. விக்க மட்டும் முடியல."

லோயர் அக்கா சிரித்துவிட்டார். இவ்வளவு நேரம் தான் விளக்கியது இதைத்தான் என்றார். அந்த வரி வேண்டாம் என்று சொல்லி அம்மா கையெழுத்துப் போட்டார்.

அன்றே பாயசம் வைத்தோம். அவசரப்பட்டுவிட்டோம்! டிரஸ்ட் பிறந்துவிட்டது, ஆனால் சொத்து போய்ச் சேரும்வரை அது காலி என்று அக்கா மறுநாள் சொன்னார். நேர்ந்துகொண்டாயிற்று, ஆட்டை இன்னும் கட்டவில்லை. உங்கள் இன்சூரன்ஸ் பணம் முதலில் டிரஸ்டுக்குப் போனது. கடைவீட்டுக்காகக் காத்திருந்த நாளெல்லாம், மாமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அம்மா பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

இன்று சாயங்காலம் வந்தார். அதே லோரி பேச்சு.

"என்கிட்ட இல்லண்ணே," என்றார் அம்மா.

பொய் சொல்லாமலே இல்லை என்று சொல்லிவிட்டார், அப்பா!  மாமா ஒரு ஷேக் கேட்டார். எனக்கு முனியாண்டி என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்.

என் படிப்புக்கும் டிரஸ்டிலிருந்து பணம் எடுக்கலாமாம். நான் பள்ளி இறுதித் தேர்வு, எஸ்.பி.எம். எழுதுவேன். சத்தமாகப் பேசுவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் யார் வந்து விலை கேட்டாலும், அது நம்ம ஆடு இல்லை என்று அவர்கள் காதில் விழும்படி சொல்வேன். அது சத்தியம்.

உங்கள் மகள்,
கவினின் அக்கா