மச்சாளுக்குக் கொடுக்காத கணவாய்

என் அன்பு மச்சாளுக்கு,

நேற்று புவாண்ட்-கிளேரில் வேலை முடிந்து வரும்போது, எங்கள் சந்தியிலிருக்கும் அந்தக் கிரேக்க உணவகத்துக்குத் தனியாகப் போனேன். உள்ளே சீஸ் அடைத்து, நெருப்பில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து தருகிற முழுக் கணவாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இதுவரை நான் தொட்டுப் பார்க்காத சாப்பாடு. நன்றாக இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாரம் நினைவிருக்கிறதா? உங்கள் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்க்க வந்த ஒருவர் மீன் கட்லட் தட்டை உங்களிடம் நீட்டினார். நான் முந்திக்கொண்டேன். "மச்சாள் மச்சம் சாப்பிடமாட்டா."

உங்களிடம் நான் கேட்கவில்லை. அப்பா போனதும் என் அம்மா மீனும் இறைச்சியும் விட்டார். நீங்களும் விட்டிருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். பொட்டை அழிப்பதற்கும் வெள்ளைச் சேலைக்கும் எதிராக அத்தனை பேசுகிற நான். நீங்கள் அன்று கட்லட்டுக்கு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கென்று மரக்கறிக்குத் தனிச் சட்டி வாங்கினேன். ஐந்து வருடம் எங்களுக்கு மீன் குழம்பு வைத்தீர்கள். உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள்.

போன கோடையில் நானும் உங்கள் தம்பியும் உங்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிரேக்கக் கடைக்குப் போனோம். உங்கள் தம்பிக்குக் கணவாய் வந்தது. உங்களுக்குத் திராட்சை இலையில் சோறு சுற்றியதை நான் சொல்லியிருந்தேன்.

"உள்ளுக்கு என்ன அடைச்சிருக்கினம்?" என்றீர்கள்.

"சீஸ், மச்சாள்."

"சீசோ? இறால் அடைச்சா இன்னும் திறமா இருக்கும்."

"அப்ப பக்கத்திலை ஒரு கடை போடுங்கோவன் அக்கா," என்று உங்கள் தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன். பரிமாறியவர் ஒரு துண்டை உங்கள் தட்டில் வைக்கப் போனபோது, "நோன், மெர்சி" என்று பிரெஞ்சில் மறுத்ததும் நான்தான்.

நீங்கள் கண்மூடிய எட்டாம் நாள், நீங்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிற எட்டுச்செலவுக்கு, மரக்கறிகளாகவே எழுதிக்கொடுத்தேன். உங்கள் தம்பி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கணவாய் எங்கை? அக்காவுக்குக் கணவாய் எண்டா உயிரெல்லே?"

"அவ மச்சத்தை விட்டிட்டாவெல்லே?"

"உமக்கு அவ சொன்னவவோ?"

"இல்லை. தெரிஞ்சுகொண்டு நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? நீர் அண்டைக்கு அடிச்சுச் சொன்னீர். அக்கா உம்மட்டைச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்."

கொஞ்ச நேரம் அவரைக் குறை சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. படையலில் கணவாய்க்கறி வைத்தோம். இறந்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று நான் நம்புவதில்லை. நம்ப முடிந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

போன கிழமை யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்கள் மகளின் கடிதம், கொழும்பு சுற்றி, இரண்டு மாதம் பிந்தி வந்தது. "அம்மாவின் விரதத்தை மதித்துத் தனிச் சட்டி வைத்துப் பார்த்தீர்கள் மாமி. அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதுவா. உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?"

ஏன் மச்சாள் அப்படி எழுதினீர்கள்? என்னைக் காப்பாற்றவா? அல்லது, தம்பி வீட்டில் வந்து இருக்கிற ஒருவர் வேறென்னதான் எழுத முடியும்?

மூன்று தரம் பதில் எழுதத் தொடங்கினேன். மூன்று தரமும் அவளுடைய நன்றியை வாங்கிக்கொண்டுதான் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிவிடுவேன். உன் அம்மா எந்த விரதமும் பிடிக்கவில்லை பிள்ளை, நான்தான் கேளாமல் அவரது வாயை அடைத்தேன் என்று எழுதுவேன். அதன்பிறகு அவள் எனக்குக் கடிதம் போடாமல் விடலாம். விடட்டும். தன் அம்மா கடைசிவரைக்கும் ருசியை விடாத மனுஷி என்பது அவளுக்குத் தெரியவேண்டும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் தம்பி மனைவி,
புவனா
மொன்றியல்